அத்தியாயம் 9: ஜாங்கோ ப்ராஜெக்டில் ஒரு புகைப்பட ஆல்பம்

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். நம் கையில் இருப்பது டோக்கன், அலமாரியில் இருப்பது செருப்பு. டோக்கனைத் தொலைத்தால் செருப்பு யாருடையது என்று தெரியாமல் அலமாரியிலேயே கிடக்கும். செருப்பு போய்விட்டால் டோக்கனை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்க வேண்டியதுதான்.

ஜாங்கோவில் புகைப்படத்தைச் சேமிப்பதும் இப்படித்தான். மாடலில் இமேஜ்ஃபீல்டு என்று எழுதியவுடன் படம் டேட்டாபேஸுக்குள் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே போவது கோப்பு இருக்கும் பாதை மட்டும். வேறு அளவு சொல்லாவிட்டால் 100 எழுத்துக்குள் அடங்கும் ஒரு சரம், அவ்வளவுதான். அதுதான் டோக்கன். படம் சர்வரின் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. ஆல்பம் ஆப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால் வருபவை.

இந்த நூலில் நாம் வளர்த்துவரும் மாதிரித் திட்டம் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தளம். உறுப்பினர் பட்டியலும் செய்திப் பக்கமும் முடிந்துவிட்டன. ஆண்டு விழாப் படங்களையும், பெட்டியடியில் கிடந்த பழைய வகுப்புப் படங்களையும் ஏற்றுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று சங்கத்தார் கேட்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அதைக் கட்டுவோம். உங்களிடம் ஜாங்கோ 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். வழக்கம்போல் கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிக்கிற விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

9.1 தனி ஆப் ஏன்?

ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் இணையப் பிரிவில் இருந்த ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் இதை எழுதத் தொடங்கினார்கள். 2005-இல் அது திறமூலமாக வெளிவந்தது. செய்தி அலுவலகத்தில் இன்று கேட்ட பக்கம் நாளைக்குள் வேண்டும். அதனால் ஒரு தளத்துக்கு எழுதிய துண்டைக் கழற்றி இன்னொரு தளத்தில் மாட்டும் வசதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் துண்டுக்குப் பெயர்தான் ஆப்.

ஆல்பத்தைச் செய்தி ஆப்புக்குள் திணிக்காமல் தனியாக வைத்தால், நாளை வேறொரு தளத்துக்கு அந்த ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம். ஏற்கெனவே எழுதி வைத்த ஆப்களும் உண்டு. ஃபோட்டோலாக் அவற்றில் பழையது. படம், தொகுப்பு, பட அளவு என்று தனித்தனி மாடல்களோடு வருகிறது, ஜிப் கோப்பாக மொத்தமாக ஏற்றவும் விடுகிறது. உங்கள் தேவைக்குப் பொருந்தினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அது பழுதாகும்போது எங்கே கைவைப்பது என்று தெரியும்.

தொடக்க வேலை மூன்று:

1. மேனேஜ்.பை வழியாக ஸ்டார்ட்ஆப் கட்டளையைக் கொடுத்து 'கேலரி' என்ற ஆப்பை உருவாக்குங்கள்.

2. செட்டிங்ஸ் கோப்பில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் அதன் பெயரைச் சேருங்கள். இதை மறந்தால் ஜாங்கோ கோபித்துக்கொள்ளாது. மைக்ரேஷன் எடுக்கும்போது 'மாற்றம் எதுவும் இல்லை' என்று அமைதியாகச் சொல்லிவிடும். அரை மணி நேரம் போய்விடும்.

3. பிப் மூலம் பில்லோ என்ற பட நூலகத்தை நிறுவி, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எழுதுங்கள். இமேஜ்ஃபீல்டு பில்லோ இல்லாமல் ஓடாது.

9.2 மாடல்கள்

இரண்டு மாடல் போதும்: ஆல்பம், போட்டோ.

ஆல்பத்தில் தலைப்பு, நிகழ்ச்சி நாள், ஸ்லக், அட்டைப்படம். போட்டோவில் ஆல்பத்தைச் சுட்டும் ஃபாரின்கீ, பெரிய படம், சிறுபடம், விளக்கம், வரிசை எண், ஏற்றியவர், ஏற்றிய நேரம், 'தளத்தில் காட்டலாமா' என்ற ஆம்-இல்லை புலம். கடைசிப் புலத்தை இப்போதே போட்டுவிடுங்கள். உறுப்பினர் ஏற்றியதை நிர்வாகி பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று சங்கத்தார் கட்டாயம் கேட்பார்கள்.

ஃபாரின்கீ எழுதும்போது ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டும். போட்டோ ஆல்பத்தைச் சுட்டுகிறது. ஆல்பம் அழிந்தால் போட்டோவும் அழியட்டும், அதற்கு ஆன்-டிலீட் மதிப்பு கேஸ்கேடு. ஆல்பமும் அட்டைப்படத்துக்காக ஒரு போட்டோவைச் சுட்டுகிறது. இங்கேயும் கை பழக்கத்தில் கேஸ்கேடு என்று எழுதினால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் மங்கலாக இருக்கிறதே என்று அட்டைப்படத்தை மட்டும் அழிப்பார். படத்தோடு ஆல்பம் போகும். ஆல்பத்தோடு அதிலிருந்த மற்ற எல்லாப் படமும் போகும். அட்டைப்படத்துக்கு செட்-நல் என்றே எழுதுங்கள், புலம் காலியாக இருக்கலாம் என்றும் குறிப்பிடுங்கள்.

படக் கோப்புக்குப் பெயர் வைக்கும் வேலையை ஏற்றுபவரிடம் விடாதீர்கள். கைப்பேசியிலிருந்து வரும் பெயர்கள் நீளமாகவும் ஒன்றுபோலவும் இருக்கும். ஒரே பெயர் மறுபடி வந்தால் ஜாங்கோ பின்னால் சில எழுத்துகளை ஒட்டிச் சமாளிக்கும்தான். ஆனாலும் அப்லோட்-டு இடத்தில் ஒரு சிறு ஃபங்ஷனைக் கொடுத்து, ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் பிரித்து, கோப்புக்கு யூயூஐடி எண்ணைப் பெயராக வைப்பது நல்லது. ஒரே ஃபோல்டரில் பல்லாயிரம் கோப்பு குவியாது. பக்கத்துப் படத்தின் முகவரியை யாரும் ஊகிக்கவும் முடியாது.

9.3 தமிழ்த் தலைப்பும் ஸ்லக்கும்

பெரும்பாலான ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இது தேவை.

ஆல்பத் தலைப்பிலிருந்து யூஆர்எல்லுக்கான ஸ்லக்கை ஸ்லக்கிஃபை ஃபங்ஷன் தானே உருவாக்கித் தரும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். 'பொங்கல்' என்று கொடுத்துப் பாருங்கள். வெற்றுச் சரம் வரும். அந்த ஃபங்ஷன் ஆங்கில எழுத்து, எண், கோடு இவற்றைத் தவிர அனைத்தையும் உதறிவிடுகிறது. அப்படியே சேமித்தால் அந்த ஆல்பத்துக்கான இணைப்பை உருவாக்கும்போது ஜாங்கோ பிழை சொல்லும். ஸ்லக் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தால், இரண்டாவது தமிழ் ஆல்பத்தைச் சேமிக்கும்போதே தகராறு வரும். முதல் ஆல்பத்தின் ஸ்லக்கும் வெறுமை, இரண்டாவதும் வெறுமை.

யூனிகோடு எழுத்தை அனுமதிக்கச் சொல்லும் விருப்பத்தைப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: 'பொங்கல்' என்பது 'பஙகல' என்று வரும். பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் 'சொல்லெழுத்து' என்று ஏற்பது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும்தான். நம் கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் குறிகள் என்ற வகையில் வருகின்றன. அதனால் அவை வடிகட்டப்பட்டு, மொட்டை எழுத்துகள் மட்டும் மிஞ்சுகின்றன. யூஆர்எல் பாதையில் எழுதும் ஸ்லக் கன்வெர்ட்டரும் ஆங்கில எழுத்து, எண், கோடு இவற்றைத் தவிர வேறெதையும் ஏற்காது.

சுருக்கமான தீர்வு: அட்மினில் ஸ்லக் புலத்தைக் கையால் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அது சரிப்படாது என்றால் ஸ்லக்கையே விட்டுவிட்டு ஆல்பத்தின் எண்ணை முகவரியில் வையுங்கள். பார்ப்பவர் தலைப்பைப் பார்த்துத்தான் சொடுக்குகிறார். முகவரியில் 14 என்று இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

9.4 அலமாரி எங்கே?

செட்டிங்ஸில் இரண்டு வரி. மீடியா ரூட் என்பது சர்வரில் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரின் முழுப் பாதை. மீடியா யூஆர்எல் என்பது பிரவுசர் அவற்றைக் கேட்கும் முகவரியின் முன்பகுதி.

ஸ்டாட்டிக், மீடியா இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ், லோகோ போன்றவை ஸ்டாட்டிக், அவை கோடோடு சேர்ந்து கிட்டில் இருக்கும். பயனர் ஏற்றியவை மீடியா. அவை கிட்டுக்குள் போகக்கூடாது. கிட்இக்னோர் கோப்பில் மீடியா ஃபோல்டரை இப்போதே எழுதிவிடுங்கள்.

உங்கள் கணினியில் சோதிக்கும்போது படம் தெரிய, ப்ராஜெக்டின் யூஆர்எல் கோப்பில் ஜாங்கோ தரும் ஸ்டாட்டிக் என்ற உதவி ஃபங்ஷனை மீடியா முகவரியோடும் ஃபோல்டரோடும் சேர்க்க வேண்டும். டீபக் ஆன் ஆக இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். ஆஃப் ஆனதும் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும். சர்வரில் படங்களைக் கொடுப்பது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பொறுப்பு.

9.5 படத்தை வாங்குதல்

முதலில் அட்மினிலேயே ஏற்றிப் பாருங்கள். ஆல்பத்தின் அட்மின் பக்கத்தில் போட்டோவை டேபுலர் இன்லைனாக வைத்தால் பத்து வரியில் முடிந்துவிடும்.

உறுப்பினர்களுக்கான படிவம் தனி. வியூவில் லாகின் கட்டாயம் என்று வையுங்கள். டெம்ப்ளேட்டில் ஃபார்ம் டேகின் என்க்டைப் மதிப்பு மல்டிபார்ட் வகையாக இருக்க வேண்டும். விட்டுவிட்டால் கோப்பு வராது, பெயர் மட்டுமே வரும். 'இந்தப் புலம் தேவை' என்று படிவம் திரும்பத் திரும்பச் சொல்லும். வியூவில் ரிக்வெஸ்ட் போஸ்ட்டோடு ரிக்வெஸ்ட் ஃபைல்ஸையும் படிவத்துக்குக் கொடுக்க மறக்காதீர்கள்.

விழா முடிந்து வருபவரிடம் ஐம்பது படம் இருக்கும். ஒவ்வொன்றாக ஏற்று என்றால் வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விடுவார். பல கோப்புகளை ஒரே புலத்தில் வாங்கப் பழைய வழிகாட்டிகள் காட்டும் வழி இப்போது பிழை கொடுக்கும். பல கோப்பு வந்தாலும் கடைசிக் கோப்பை மட்டுமே படிவம் சரிபார்த்தது என்ற பாதுகாப்பு ஓட்டையை 2023 மே மாதம் ஜாங்கோ அடைத்தது. அதன் பிறகு விட்ஜெட்டை நீட்டித்து 'பல தேர்வு அனுமதி' என்பதை ஆன் செய்து, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சரிபார்க்கும் புலத்தை நாமே எழுத வேண்டும். ஜாங்கோவின் ஆவணத்திலேயே அந்த மாதிரிக் கோடு இருக்கிறது. ஒரு முறை அனுப்புவதில் 100 கோப்புக்கு மேல் ஜாங்கோ வாங்காது. அந்த வரம்பை உயர்த்தலாம், ஆனால் இருப்பதே நல்லது.

9.6 படத்தைத் தயார் செய்தல்

12 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறத்தாழ 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஆல்பத்தில் 60 படம் இருந்தால் பக்கத்தைத் திறப்பவர் 240 எம்பி இறக்க வேண்டும். அவருடைய அன்றைய டேட்டாவில் ஒரு பங்கை நாமே தின்றுவிடுவோம். அதனால் ஒவ்வொரு படத்திலிருந்தும் இரண்டு பிரதி எடுக்கிறோம்: நீண்ட பக்கம் 1600 பிக்சலில் பெரிய படம், 400 பிக்சலில் சிறுபடம். மூலத்தை வைத்துக்கொள்ளப் போவதில்லை. இது தளம், காப்பகம் அல்ல; மூலம் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

தயார் செய்யும் ஃபங்ஷனில் வரிசை முக்கியம்:

1. பில்லோவால் படத்தைத் திறந்து, முதல் வேலையாக இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸைக் கூப்பிடுங்கள். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல கேமராக்கள் படத்தைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, 'திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் குறிப்பில் எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் சுருக்கினால், குறிப்பு போய்விடும், தலைமையாசிரியர் படுத்தபடி பேசுவார்.

2. ஆர்ஜிபி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி படத்தை அப்படியே ஜேபெக்காகச் சேமித்தால் பில்லோ பிழை சொல்லி நின்றுவிடும்.

3. நகல் எடுத்து, தம்ப்நெயில் முறையால் சுருக்குங்கள். நீள அகல விகிதத்தை அது தானே காக்கும். பழைய கோடுகளில் ஆன்டிஅலியாஸ் என்ற வடிகட்டியைப் பார்ப்பீர்கள். பில்லோ 10-இல் அந்தப் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் லாங்க்சோஸ் என்று எழுதுங்கள்.

4. ஜேபெக்காக, தரம் 85 அளவில் சேமியுங்கள். எக்ஸிஃபை நாமே எடுத்துக் கொடுக்காதவரை பில்லோ அதைப் புதிய ஜேபெக்கில் எழுதாது. நமக்கு அதுவே வேண்டும். எக்ஸிஃபில் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கலாம். வீட்டு விசேஷத்தில் எடுத்த குழந்தையின் படத்தோடு வீட்டின் இருப்பிடத்தையும் ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

இந்த ஃபங்ஷனை மாடலின் சேவ் முறையில் கூப்பிடலாம். ஆனால் புதிய படம் என்றால் மட்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் விளக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தும்போதெல்லாம் ஜேபெக் மறுபடி சுருங்கும், படம் தேய்ந்துகொண்டே போகும். படத்தை மாற்ற வேண்டுமா? பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டும்.

நினைவகத்தையும் கணக்கில் வையுங்கள். கோப்பு 4 எம்பிதான். ஆனால் திறந்ததும் ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம், 12 மெகாபிக்சல் படம் 36 எம்பி இடம் பிடிக்கும். சிறிய சர்வரில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் மூச்சு முட்டும். ஐபோனின் ஹெய்க் படங்களைப் பில்லோ தனியாகப் படிக்காது. பில்லோ-ஹெய்ஃப் என்ற துணை நிரலைச் சேர்க்க வேண்டும்.

9.7 காட்டுதல்

ஆல்பங்களின் பட்டியலுக்கு ஒரு லிஸ்ட்வியூ, ஓர் ஆல்பத்தின் படங்களுக்கு இன்னொன்று, பக்கத்துக்கு 24 படம். பட்டியலில் ஒவ்வோர் ஆல்பத்தின் அட்டைப்படத்தையும் காட்டும்போது செலக்ட்-ரிலேட்டடு போடாவிட்டால், 30 ஆல்பத்துக்கு 31 முறை டேட்டாபேஸைத் தட்டும். போட்டால் ஒரே முறை.

டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு இமேஜ் டேகிலும் மூன்று விஷயம் இருக்கட்டும். அகலமும் உயரமும் எண்ணாக இருந்தால் படம் வரும் முன்பே பிரவுசர் இடம் ஒதுக்கும். படிக்கும்போது பக்கம் குதிக்காது. லோடிங் லேசி என்றால் திரைக்குக் கீழே இருப்பவை தேவைப்படும்போதுதான் வரும். ஆல்ட்டில் விளக்கம் இருந்தால் பார்வையற்ற உறுப்பினரின் கருவி அதைப் படித்துச் சொல்லும்.

9.8 அழித்தல்

போட்டோ வரிசையை டேட்டாபேஸிலிருந்து அழித்தால் கோப்பும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஜாங்கோ 1.3 பதிப்பிலிருந்து அது கோப்பைத் தொடுவதில்லை. காரணம் நியாயமானது: டேட்டாபேஸில் நடந்ததை ரோல்பேக் செய்யலாம், அழித்த கோப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே போஸ்ட்-டிலீட் சிக்னலில் நாமே அழிக்க வேண்டும். அதிலும் நேரடியாக அழிக்காமல், ஆன்-கமிட் வழியாக, டேட்டாபேஸ் மாற்றம் உறுதியான பிறகு அழியுங்கள். ஆல்பத்தை அழிக்கும்போது கேஸ்கேடில் போகும் ஒவ்வொரு போட்டோவுக்கும் இந்த சிக்னல் ஒலிக்கும்.

இங்கே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வைக்கும்போது செருப்பு முதலில், டோக்கன் பிறகு. எடுக்கும்போது டோக்கன் முதலில், செருப்பு பிறகு. நடுவில் மின்சாரம் போனாலும் மிஞ்சுவது டோக்கன் இல்லாத ஒரு செருப்புதான், அது கொஞ்சம் இடத்தை மட்டும் அடைக்கும். வரிசையை மாற்றினால் மிஞ்சுவது செருப்பு இல்லாத டோக்கன்: பக்கத்தில் உடைந்த படம், தொலைபேசியில் உறுப்பினர்.

9.9 சர்வரில்

நான் முதன்முதலில் இப்படி ஓர் ஆல்பம் எழுதிக் கொடுத்தது ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு. என் கணினியில் எல்லாம் ஓடியது. விழா நாளன்று மேடையிலிருந்தே 'எல்லாரும் படம் ஏற்றுங்கள்' என்று அறிவித்தார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கைப்பேசியை நீட்டினார்கள். எல்லாத் திரையிலும் 413 பிழை. ஜாங்கோவின் லாகில் ஒரு வரிகூட இல்லை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், நான் மண்டபத்தின் படிக்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: கோரிக்கை ஜாங்கோவை வந்தடையவே இல்லை. நாம் வேறு சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது. சோதனைக்கு நான் வைத்திருந்த படங்களோ 300 கேபி.

தீர்வு, என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற ஒரு வரி. பல படம் சேர்ந்து வரும் என்பதால் மொத்த அளவைக் கணக்கிட்டு 200 எம்பிக்குச் சற்று மேலே வையுங்கள். சோதிக்கும்போது கைப்பேசியில் எடுத்த நிஜப் படத்தை வைத்தே சோதியுங்கள்.

மீடியா ஃபோல்டரைக் கோடு இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். புதுப் பதிப்பை ஏற்றும்போது பழைய ஃபோல்டரை மொத்தமாக மாற்றும் முறை இருந்தால் அலமாரியே காணாமல் போகும். கன்டெய்னரில் ஓடும் தளம் என்றால் மறுதொடக்கத்தில் வட்டு வெறுமையாகிவிடலாம். அங்கே ஜாங்கோ-ஸ்டோரேஜஸ் கொண்டு படங்களை வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள்.

பேக்கப்புக்கும் அதே விதிதான். முதலில் டேட்டாபேஸ், பிறகு மீடியா ஃபோல்டர். இடையில் ஒருவர் புதுப் படம் ஏற்றினாலும், பேக்கப்பில் உள்ள ஒவ்வொரு டோக்கனுக்கும் செருப்பு இருக்கும். மீட்டெடுக்கும்போது மீடியா முதலில், டேட்டாபேஸ் பிறகு.

பயிற்சி

1. 'தமிழ்', 'ஆண்டு விழா' ஆகிய தலைப்புகளை யூனிகோடு விருப்பத்தோடு ஸ்லக்கிஃபையில் கொடுத்து, எந்தெந்தக் குறிகள் போகின்றன என்று எழுதுங்கள்.

2. செங்குத்தாக எடுத்த ஒரு கைப்பேசிப் படத்தை, எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் இல்லாமல் ஒரு முறையும் அதோடு ஒரு முறையும் ஏற்றிப் பாருங்கள்.

3. மேனேஜ்.பை வழியாக ஓடும் ஒரு கட்டளை எழுதுங்கள். கோப்பு இல்லாத வரிசைகளை ஒரு பட்டியலாகவும், வரிசை இல்லாத கோப்புகளை இன்னொரு பட்டியலாகவும் அது தர வேண்டும். இரண்டாவது பட்டியல் நீண்டால் ஓய்வு நேரத்தில் துடைத்துக்கொள்ளலாம். முதல் பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தாலும் அன்றே காரணம் தேடுங்கள்.

4. நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, மூன்றாம் பயிற்சியின் கட்டளையை அங்கே ஓட்டுங்கள். முதல் பட்டியல் காலியாக வந்தால் உங்கள் ஆல்பம் தயார். சங்கத்தாரைக் கூப்பிட்டுச் சொல்லலாம்.